பழைய மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம்? தனியுரிமையை விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

போன மாம்பழப் பருவத்தில் அக்கா மகள் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரியில் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு சர்வீஸ் கடையில் 'ஃபார்மட்' போட்டு வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் மின்விசிறி ஓயாமல் இரைந்தது. உலாவியைத் திறந்தால் கேட்காத பக்கங்கள் வந்து நின்றன. விண்டோஸின் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். வைரஸ் தடுப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் விலக்குப் பட்டியலில் 'சி' டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. காவலாளியை வாசலில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டிவிட்டது போல. உரிமம் வாங்காத விண்டோஸை ஓட்டுவதற்காகக் கடையில் போட்ட 'ஆக்டிவேட்டர்' செய்த வேலை அது.

"இதில் திருட என்ன இருக்கிறது மாமா? பாடக் குறிப்புகள்தான்" என்றாள். டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறக்கச் சொன்னேன். அவளுடைய ஆதார், அக்காவின் பான் அட்டை, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது ஏற்றிய அத்தனையும் வரிசையாக இருந்தன. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் வேறு. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை.

அன்று அவளுக்குச் செய்துகொடுத்ததையும், பிறகு அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேருக்குச் செய்ததில் கற்றதையும் எழுதுகிறேன். நான் கணினிப் பொறியாளன் இல்லை. மாம்பழக்கூழ் ஆலைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆகவே எனக்குப் புரிந்த அளவில், நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

யாரிடமிருந்து மறைக்க வேண்டும்?

இயங்குதளத்தைத் தேடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். நம் தகவலுக்கு ஆபத்து மூன்று வகை ஆட்களிடமிருந்து வருகிறது.

முதலாமவர், மடிக்கணினி கையில் கிடைக்கிறவர். சர்வீஸ் கடைக்காரர், திருடன், ஓசூர் பஸ்ஸில் மேல்தட்டில் பையை வைத்துவிட்டு நாம் தூங்கிப்போனால் அதை எடுத்துக்கொண்டு இறங்குகிறவர். விண்டோஸில் நாம் வைக்கும் நுழைவுக் கடவுச்சொல் இவர்களை நிறுத்தாது. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே தெரியும். இதற்கு மருந்து, வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்வது, அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது ஒன்றுதான்.

இரண்டாமவர், நிறுவனங்கள். நாம் எதைத் திறக்கிறோம், எதைத் தேடுகிறோம் என்று குறித்துக்கொண்டு விளம்பரத்துக்கும் பிறவற்றுக்கும் பயன்படுத்துகிறவர்கள். இங்கேதான் இயங்குதளத்தின் தேர்வு உண்மையில் உதவுகிறது.

மூன்றாமவர், குறிப்பாக உங்களையே தேடுகிறவர். பத்திரிகையாளர், குவாரி விவகாரத்தில் ஆவணம் திரட்டுகிறவர், வீட்டுக்குள் ஒருவரின் கண்காணிப்புக்குப் பயந்து வாழும் பெண் ஆகியோருக்கு இந்தக் கவலை உண்டு. இவர்களுக்கான தீர்வு வேறு, பின்னால் சொல்கிறேன்.

எனக்கும், என் அக்கா மகளுக்கும், இதைப் படிக்கும் பெரும்பாலோருக்கும் முதல் இரண்டு போதும். மூன்றாவது வகைக்கான கவசத்தை அன்றாட வேலைக்கு மாட்டிக்கொண்டால் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் மறுபடி கடைக்கே ஓடுவோம்.

விண்டோஸிலேயே இருந்தால் என்ன?

இருக்கலாம். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டித்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. நம் வீடுகளில் இருக்கும் பழைய மடிக்கணினிகளில் பல அந்த வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிடும்.

அடுத்தது, விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கும். 'தேவையான' பயன்பாட்டுத் தகவல் என்று அவர்கள் பெயரிட்டிருப்பதை ஹோம், புரோ பதிப்புகளில் முழுவதும் நிறுத்த வழியில்லை. 'விருப்பத் தகவல்' என்பதை மட்டும் நிறுத்தலாம். 2024 மே மாதம், திரையை அவ்வப்போது படம் பிடித்து வைத்துக்கொண்டு பின்னால் தேடித்தரும் 'ரீகால்' என்ற வசதியை அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்து, நாமே விரும்பி இயக்கினால்தான் வேலை செய்யும் என்று மாற்றினார்கள். அது குறிப்பிட்ட புதிய வகைக் கணினிகளில் மட்டுமே உண்டு. உங்கள் பழைய பெட்டியில் வராது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அதிலிருந்து தெரிகிறது.

மேக் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைத் தேடி வந்திருக்க மாட்டார்கள். குரோம் ஓஎஸ் கூகுள் கணக்கைச் சுற்றியே கட்டப்பட்டது. நம் நோக்கத்துக்குப் பொருந்தாது. மிஞ்சுவது, யாரும் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளம்.

லினக்ஸ் நமக்குப் புதிதில்லை

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் என்ற லினக்ஸ் வந்தது நினைவிருக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மடிக்கணினிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பீரோவுக்கு மேலே கிடக்கின்றன. நினைவகம் 4 ஜிபி இருந்தால் அவற்றை இன்றும் உயிர்ப்பிக்கலாம்.

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. புதிதாக வருகிறவர் அந்தக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகியவருக்கு முகம் பழகியதாக இருக்கும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. கணக்குத் திறக்கச் சொல்லாது. பயன்பாட்டுத் தகவல் சேகரிக்காது. சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்களில் கிடைக்கிறது. 4 ஜிபிக்கு மேல் நினைவகம் இருந்தால் சின்னமன். அதற்குள் என்றால் எக்ஸ்எஃப்சிஇ.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. டெபியன் 1993-இலிருந்து தன்னார்வலர்களால் நடத்தப்படுவது, பாறை மாதிரி நிற்கும். எந்த மென்பொருள்களை நிறுவியிருக்கிறோம் என்ற கணக்கெடுப்பில் சேர்கிறீர்களா என்று நிறுவும்போது கேட்கும், 'இல்லை' என்பதே இயல்பான பதில். கொஞ்சம் கைப்பழக்கம் வந்தபின் போகலாம். ஃபெடோரா நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பதிப்பின் ஆயுள் சுமார் 13 மாதம்; அடிக்கடி மேம்படுத்தும் பொறுமை வேண்டும். உபுண்டு மீது எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. 2012-இல் வந்த 12.10 பதிப்பில், நம் கணினிக்குள் ஒரு கோப்பைத் தேடினாலும் அந்தச் சொல் வெளியே போய் அமேசான் பொருள்களைக் கொண்டுவந்து காட்டியது. பலத்த கண்டனத்துக்குப் பிறகு 16.04-இல்தான் அதை இயல்பு நிலையில் நிறுத்தினார்கள். இன்றைய உபுண்டுவில் அது இல்லை. இலவசம், திறந்த மூலம் என்பதால் மட்டும் ஒன்று தனியுரிமையை மதிக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

காளி லினக்ஸைப் பற்றியும் ஒரு சொல். இங்கே பொறியியல் கல்லூரி மாணவர்கள் பலர், பெயரில் ஒரு மிடுக்கு இருப்பதால் அதைத்தான் முதலில் போடுகிறார்கள். அது பிணையங்களின் ஓட்டைகளைச் சோதிக்கும் தொழிலுக்கான கருவிப்பெட்டி. வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்கப் போனவர் கள்ளச்சாவிக் கொத்து வாங்கி வந்த கதை. அன்றாட மடிக்கணினிக்கு வேண்டாம்.

உங்களைக் கட்டிப்போடுவது எது?

மாறும் முன் ஒரு தாளை எடுத்து, ஒரு வாரத்துக்கு உங்கள் மடிக்கணினியில் எதையெல்லாம் திறக்கிறீர்கள் என்று எழுதுங்கள். உலாவி, வேர்டு, எக்செல், வீடியோ மட்டும்தான் என்றால் தயக்கமே வேண்டாம். வேர்டு, எக்செல் வேலைகளுக்கு லிப்ரே ஆஃபீஸ் கூடவே வரும். இணையவழி வங்கி, அரசுத் தளங்கள் பெரும்பாலும் ஃபயர்ஃபாக்ஸில் ஓடும்.

சிக்கல் தரும் சில உண்டு. கணக்கு எழுதும் டாலி மென்பொருள் விண்டோஸுக்கானது, என் பிழைப்பே அதில் என்பதால் ஒரு கணினியில் உரிமம் வாங்கிய விண்டோஸ் வைத்திருக்கிறேன், அதில் டாலியைத் தவிர எதையும் திறப்பதில்லை. டெண்டர், ஜிஎஸ்டி வேலைகளுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள் லினக்ஸில் சில ஓடும், சில படுத்தும். ஆதார் கைரேகைக் கருவி வைத்து சேவை மையம் நடத்துகிறவர்கள் மாற நினைக்க வேண்டாம். சில ஆன்லைன் தேர்வு மென்பொருள்கள் விண்டோஸ் இல்லாமல் நடக்காது; கல்லூரியில் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக்களை நகலெடுத்து நிறுவினால் லிப்ரே ஆஃபீஸில் படிக்க முடியும்.

இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு இயங்குதளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுவலாம் என்பார்கள். முடியும். ஆனால் மின்ட் நிறுவியில், விண்டோஸை அழிக்காமல் 'பக்கத்தில் நிறுவு' என்று போனால் வட்டுக் குறியாக்கம் கிடைப்பதில்லை. பஸ்ஸில் தொலைந்தால் என்ன ஆகும் என்ற கவலைக்கு அது பதில் தராது. பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் போகிறவர்களிடம் சொல்லி, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய திங்க்பேட், லேட்டிட்யூட் போன்றவற்றில் ஒன்றை வாங்கி அதை முழு லினக்ஸாக்குவது எனக்குச் சுலபமாகப் படுகிறது. அந்த ரகங்களில் லினக்ஸ் பெரும்பாலும் வம்பு செய்யாமல் ஓடுகிறது.

பதிவிறக்கமும் பென் டிரைவும்

மின்ட்டின் நிறுவல் கோப்பு சுமார் 3 ஜிபி. நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் தொடங்கினால் பாதியில் நிற்கும்; எனக்கு நின்றது. வீட்டில் ஃபைபர் இணைப்பு உள்ளவரிடம் போங்கள், அல்லது அதிகாரபூர்வத் தளத்தில் இருக்கும் டோரன்ட் வழியாக இரண்டு மூன்று நாளாக இறக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்கும் படியைத் தாண்டாதீர்கள். 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, பின்வாசல் வைத்த போலிக் கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். அன்று இறக்கியவர்கள் பாதுகாப்பைத் தேடிப்போய் அதையே பறிகொடுத்தார்கள். விண்டோஸில் செவன்-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கு, அதில் எஸ்எச்ஏ-256. 64 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு சரம் வரும். தளத்தில் கொடுத்திருக்கும் சரத்தோடு அது அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். தளமே களவாடப்பட்டால் இந்தச் சரத்தையும் மாற்றிவிடலாமே என்று கேட்டால், நியாயம்தான். அதற்காகக் கையொப்பமிட்ட கோப்பும் தருகிறார்கள், அதைச் சோதிக்கும் முறை தளத்தில் படிப்படியாக இருக்கிறது.

அடுத்து 8 ஜிபி பென் டிரைவ். ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருள் கோப்பை அதில் எழுதும். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். என் பக்கத்து வீட்டுக்காரர் தந்ததில் அவர் தம்பியின் காதுகுத்து வீடியோ இருந்தது. நல்ல வேளை, எழுதும் முன் கேட்டேன்.

நிறுவும் முன் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். மடிக்கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, இயக்கிய உடனே துவக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவோ, டெல் இரண்டிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2 அழுத்தி உள்ளே போய் அந்தப் பட்டியலை இயக்கிவிட வேண்டியிருக்கும்.

திரை வந்ததும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்: வைஃபை, ஒலி, கேமரா, தொடுதளம், திரை வெளிச்சம், தமிழ்ப் பக்கம் ஒன்று. தகராறு செய்வது பெரும்பாலும் வைஃபைதான். சில பிராட்காம், ரியல்டெக் அட்டைகளுக்கு மென்பொருளைத் தனியாக இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு ஒரு மாலை முழுவதும் விழித்திருக்கிறேன். வழி எளிது: கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் மடிக்கணினியில் இணைத்து, கைப்பேசியில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். உடனே இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானதை அதுவே சொல்லும்.

திருப்தி என்றால் உங்கள் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் மறக்காதீர்கள். நம் ஆள்கள் முக்கியமானதை எல்லாம் அங்கேதான் போட்டு வைக்கிறார்கள். நகலெடுத்த கோப்புகளில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள்.

நிறுவும்போது தவறவிடக் கூடாத ஒரு பெட்டி

நிறுவல் பெரும்பாலும் 'அடுத்து, அடுத்து'தான். ஒரே ஓர் இடத்தில் நிதானம் வேண்டும். 'வட்டை அழித்து நிறுவு' என்பதற்குக் கீழே 'மேம்பட்ட வசதிகள்' என்று ஒரு பொத்தான் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதற்குள் போய் எல்விஎம் என்ற தேர்வை எடுத்து, குறியாக்கப் பெட்டியில் டிக் செய்யுங்கள். இதைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால், மறுபடி எல்லாவற்றையும் அழித்துத்தான் செய்ய வேண்டும்.

அங்கே கேட்கும் கடவுச்சொல்தான் இனி உங்கள் வீட்டுச் சாவி. மறந்தால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. துவங்கும்போது ஆங்கில விசைப்பலகைதான் இருக்கும் என்பதால், ஒன்றோடொன்று ஒட்டாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விட்டு வையுங்கள். 'எருமை தண்டவாளம் சுண்ணாம்பு குடை' என்பது போல. இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழமொழி, பாட்டு வரி, பிள்ளை பெயர் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாதி ஊர்களின் பெயர் 'கொட்டாய்' என்று முடியும். உங்கள் ஊர்க் கொட்டாயும் வேண்டாம், அதை முதலில் ஊகிப்பவர் உங்களைத் தெரிந்தவர்தான். ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். மடிக்கணினிப் பைக்குள் வைக்காதீர்கள்; வைத்தவரை எனக்குத் தெரியும்.

கணினி அணைந்திருக்கும்போதுதான் இந்தக் குறியாக்கம் காக்கும். மூடியை மட்டும் மூடித் தூங்கவைத்தால் சாவி நினைவகத்திலேயே இருக்கும். பயணத்தின்போது முழுவதும் அணைத்துவிடுங்கள்.

நிறுவிய முதல் மாலை

அப்டேட் மேனேஜரை ஓடவிடுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஃபயர்வாலை இயக்குங்கள், ஒரே பொத்தான்.

இனி உலாவி. லினக்ஸ் போட்ட கையோடு குரோமை நிறுவி, கூகுள் கணக்கில் நுழைந்து, எல்லாவற்றையும் ஒத்திசைத்தால் இரண்டாம் வகை ஆட்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. கூடவே வரும் ஃபயர்ஃபாக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் நீட்சியைச் சேருங்கள். அமைப்புகளில் 'தரவு சேகரிப்பு' என்ற பகுதியில் உள்ள டிக்குகளை எடுங்கள், தேடுபொறியை டக்டக்கோவாக மாற்றுங்கள். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க கீபாஸ்-எக்ஸ்சி என்ற மென்பொருள். நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் சேவையை வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. சில நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. இணையச் சேவை தருபவர் பார்ப்பதை விபிஎன்காரர் பார்ப்பார், அவ்வளவுதான் மாற்றம். முதல் மாலைக்கு அது வேண்டாம்.

தமிழில் தட்டச்சு செய்ய, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்பதை நிறுவி, உள்ளீட்டு முறையில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி எல்லாம் இருக்கும்.

மூன்றாம் வகைக் கவலை உள்ளவர்களுக்கு

டெயில்ஸ் என்று ஒரு லினக்ஸ் உண்டு. 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, பெரும்பாலான மடிக்கணினிகளில் செருகி ஓட்டலாம். எல்லா இணையத் தொடர்பும், பல கணினிகள் வழியாகச் சுற்றிவிட்டு நம் முகவரியை மறைக்கும் டோர் என்ற பிணையத்தின் வழியாகப் போகும். அணைத்ததும், நாமாகச் சேமித்து வைத்ததைத் தவிர எல்லாவற்றையும் மறந்துவிடும். 2024 செப்டம்பரில் டோர் திட்டத்துடனேயே இணைந்துவிட்டது. தேவைப்படும் நாளில் அதைச் செருகுங்கள், மற்ற நாள்களில் மின்ட். நீங்கள் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது இணையச் சேவை தருபவருக்குத் தெரியும், உள்ளே என்ன செய்கிறீர்கள் என்பது தெரியாது. சொந்தப் பெயரில் மின்னஞ்சலைத் திறந்துவிட்டால் டெயில்ஸ் பாவம் என்ன செய்யும்?

கியூப்ஸ் என்ற இன்னோர் இயங்குதளம் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி அறையில் அடைத்து ஓட்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் 16 ஜிபி நினைவகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முதல் லினக்ஸாக அதைப் போட்டுக்கொண்டு யாரும் மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைக்குக் கொடுக்கும்போது

மழைக்காலத்தில் அக்கா மகளின் மடிக்கணினியில் தேநீர் கொட்டிவிட்டது. விசைப்பலகையை மாற்ற வேண்டும். இம்முறை வேறு கடை. பில் எழுதிய பையன் வழக்கம்போல, "பாஸ்வேர்டையும் இதிலேயே எழுதிவிடுங்கள்" என்று தாளை நீட்டியிருக்கிறான். விசைப்பலகையோ திரையோ பேட்டரியோ மாற்றுவதற்குக் கடவுச்சொல் தேவையில்லை என்று அவளுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தேன். நிறுவப் பயன்படுத்திய அதே மின்ட் பென் டிரைவைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "மாற்றிய பிறகு இதில் போட்டு எல்லா எழுத்தும் விழுகிறதா என்று பாருங்கள் அண்ணா. எஃப்12 அழுத்தினால் வரும்."

பையன் கடை முதலாளியைப் பார்த்தானாம். முதலாளி தலையாட்டினாராம். பென் டிரைவில் ஓட்டினால் விசைகளைச் சோதிக்கலாம். குறியாக்கம் செய்த வட்டுக்குள் பார்க்க முடியாது. மாலையில் வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து தன் ஐந்து சொற்களையும் அடித்துத் திறந்தாள். ஸ்பேஸ் விசையை மட்டும் கொஞ்சம் அழுத்தி அடிக்க வேண்டியிருக்கிறதாம்.